உரிமமும் ஊரும்: புரிராம் யுனைடெட் கழகத்தின் வரலாறு குறித்து

2024–25 பருவத்தின் முடிவில் புரிராம் யுனைடெட் தாய்லாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக் பட்டத்தைப் பதினோராவது முறையாக வென்றது. கழகத்தின் ஏடுகளில் இந்தக் கணக்கு 2008இலிருந்து தொடங்குகிறது. ஆனால் 2008இல் பட்டம் வென்ற அணிக்கும் புரிராம் மாகாணத்துக்கும் அன்று எந்த உறவும் இல்லை. அது மாகாண மின்சார வாரியத்தின் அணி. 1970இல் தொடங்கப்பட்ட அந்த அணியைப் பின்னாளில் புரிராமுக்குக் கொண்டுவந்தவர்கள், அதன் உரிமத்தோடு அதன் வெற்றியையும் சேர்த்தே பெற்றுக்கொண்டார்கள். சட்டப்படி இதில் பிழையில்லை. ஒரு கழகத்தின் வரலாறு என்பது அதன் உரிமப் பத்திரத்தின் வரலாறா, அதற்காகக் கூடும் மக்களின் வரலாறா என்ற கேள்வியைத்தான் இந்தப் பதினோராம் பட்டம் எழுப்புகிறது.

புரிராம் யுனைடெட்டைப் பற்றி இருவகை வாசிப்புகள் வழக்கில் உள்ளன. அது நெவின் சிட்சோப் என்ற அரசியல்வாதியின் தேர்தல் கருவி என்பது ஒன்று. வறண்ட, ஏழை மாகாணமொன்று திறமையான நிர்வாகத்தால் ஆசிய அரங்கில் தலைநிமிர்ந்த கதை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் இரண்டுமே கழகத்தை 2009க்குப் பின் பிறந்த ஒன்றாகக் கொள்கின்றன. அதற்கு முன்பிருந்த நெடிய வரலாற்றை முன்னுரையாக ஒதுக்கிவிடுகின்றன. நான் முன்வைக்க விரும்பும் வாதம் வேறு. தாய்லாந்துக் கால்பந்து தொடக்கம் முதலே புரவலரை நம்பி நடந்த ஆட்டம். புரிராம் அந்த முறையை முறிக்கவில்லை. புரவலரின் இடத்தில் அரசு நிறுவனத்துக்குப் பதிலாக ஒரு மாகாணக் குடும்பத்தை அமர்த்தியது. உண்மையான மாற்றம் நிகழ்ந்தது பார்வையாளர் வரிசையில்.

சயாம் கால்பந்துச் சங்கம் மன்னர் வஜிராவுத் காலத்தில் 1916இல் நிறுவப்பட்டது. அரண்மனையும் படைகளும் அரசுத் துறைகளுமே அதன் முதல் உறுப்பினர்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாங்காக்கின் போட்டிகள் துறை அணிகளுக்கும் வங்கி அணிகளுக்கும் இடையே நடந்தன. 1996இல் தேசிய லீக் தொடங்கியபோதும் இந்த அமைப்பு அப்படியே அதனுள் நுழைந்தது. முதல் பட்டத்தை பாங்காக் வங்கி வென்றது. தொடர்ந்து வான்படை, கிருங் தாய் வங்கி, புகையிலை ஏகபோக நிறுவனம், பாங்காக் பல்கலைக்கழகம் போன்றவை வென்றன. பட்டியலைப் படித்தால் விளையாட்டு லீக்கின் நினைவு வராது, அரசுத் தொலைபேசிக் கையேட்டின் நினைவுதான் வரும்.

இந்த முறையின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆட்டக்காரருக்கு அது நிலையான வேலையைத் தந்தது. கால் ஓய்ந்த பிறகும் சம்பளம் நிற்கவில்லை. தரமும் தாழ்ந்திருக்கவில்லை. தாய் விவசாயிகள் வங்கியின் அணி 1993–94, 1994–95 ஆகிய இரு பருவங்களில் அடுத்தடுத்து ஆசியக் கழகக் கோப்பையை வென்றது. இன்றுவரை வேறெந்தத் தாய்லாந்துக் கழகமும் எட்டாத சிகரம் அது. அந்த அணி 2000இல் கலைக்கப்பட்டது. 1997இன் நிதி நெருக்கடிக்குப் பின் வங்கிக்குக் கால்பந்து தேவைப்படவில்லை. ஆசியாவை இருமுறை வென்ற அணி மறைந்தபோது அதைக் காப்பாற்ற ஓர் ஊர் இல்லை. அதை நேசித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தங்கள் நேசத்தைக் கோரிக்கையாக மாற்ற அவர்களிடம் இடமோ அமைப்போ இல்லை. தாய்லாந்துக் கழக வரலாற்றில் ஆய்வாளர்கள் மிகக் குறைவாகப் பேசிய நிகழ்வு இதுவே என்று நினைக்கிறேன்.

மாகாணங்களில் கால்பந்து வேறு தடத்தில் வளர்ந்தது. விளையாட்டு ஆணையம் 1999 முதல் மாகாண அணிகளுக்கெனத் தனி லீக் நடத்தியது. இரு தடங்களும் 2000களின் நடுவில் இணைந்தன. 2007இல் சொன்புரி பட்டம் வென்றபோது முதன்முறையாக ஒரு மாகாணத்தின் பெயர் பட்டியலில் ஏறியது. சொன்புரிக்குப் பின்னால் குன்பிளெம் அரசியல் குடும்பம் இருந்தது. சுபன்புரிக் கழகத்துக்குப் பின்னால் சில்பா–ஆர்ச்சா குடும்பம் இருந்தது. 2009வாக்கில், கழகங்கள் தனி நிறுவனங்களாகப் பதிவு பெற வேண்டும் என்ற ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நிபந்தனையும் வந்துசேர்ந்தது. துறைகளின் நிழலில் இருந்த அணிகள் திடீரென்று கைமாறத்தக்க சொத்துகளாயின. கிருங் தாய் வங்கியின் இடத்தில் பாங்காக் கிளாஸ் நின்றது. புகையிலை நிறுவனத்தின் அணி பின்னாளில் மாகாணம் மாகாணமாக அலைந்தது. மின்வாரிய அணி அயுத்தயாவில் ஆடிக்கொண்டிருந்தது.

இங்கே அரசியல் வரலாற்றுக்குள் சற்று நுழைய வேண்டும். 2007 மே மாதம் முன்னாள் பிரதமர் தக்சினின் தாய் ராக் தாய் கட்சி நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டபோது அதன் நிர்வாகிகள் 111 பேர் ஐந்தாண்டுகள் அரசியலிலிருந்து விலக்கப்பட்டனர். நெவின் அவர்களுள் ஒருவர். தடை அவரது வேட்புரிமையைப் பறித்ததே தவிர, செல்வாக்கைப் பறிக்கவில்லை. 2008 டிசம்பரில் அவரைச் சார்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் தக்சின் அணியை விட்டு விலகி அபிசித் பிரதமராக வழிவிட்டனர். அதே குழுவிலிருந்து வளர்ந்த பூம்ஜாய் தாய் கட்சிக்கு உள்துறை அமைச்சகம் கிடைத்தது. மாகாண மின்சார வாரியம் அந்த அமைச்சகத்தின் கீழுள்ள நிறுவனம். 2009இன் இறுதியில் வாரியத்தின் கால்பந்து அணி நெவினின் பொறுப்பில் புரிராமுக்கு இடம்பெயர்ந்து, 2010 பருவத்தில் வாரியத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தோடு 'புரிராம் பி.இ.ஏ.' என்ற பெயரில் களமிறங்கியது.

இந்த வரிசையிலிருந்து முறைகேடு நடந்தது என்று முடிவுகட்ட நான் முனையவில்லை. அதற்கு வேறுவகை ஆவணங்கள் வேண்டும். நான் கவனிப்பது கட்டமைப்பை. ஓர் அரசு நிறுவன அணி மாகாணத்துக்குச் செல்ல, அமைச்சகத்துக்கும் மாகாணத்துக்கும் ஒரே நேரத்தில் கையெட்டக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். அன்றைய தாய்லாந்தில் அத்தகைய கை பெரும்பாலும் மாகாண அரசியல் குடும்பத்துக்கே இருந்தது. மக்களவைக்குள் நுழையத் தடைபட்ட ஒருவருக்கு, ஆயிரக்கணக்கானோர் முன் வாரந்தோறும் நிற்க அரங்கு இடமளித்தது என்பதும் தற்செயல் ஆகாது.

இடம்பெயர்வின் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. புரிராமில் ஏற்கெனவே புரிராம் எஃப்.சி. என்ற கழகம் இருந்தது. அது கீழ்நிலை லீக்கிலிருந்து முறையாக ஏறி, 2011இல் இரண்டாம்நிலை லீக்கின் பட்டத்தையே வென்று முதல்நிலைக்குத் தகுதி பெற்றது. அதே பருவத்தில் புரிராம் பி.இ.ஏ. லீக், எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை ஆகிய மூன்றையும் கைப்பற்றியது. இரு கழகங்களும் சிட்சோப் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தன. 2012இல் மின்வாரியத்தின் பெயர் விலகி 'புரிராம் யுனைடெட்' பிறந்தது, புரிராம் எஃப்.சி.யின் லீக் இடமோ தெற்கே சொங்க்லாவுக்கு விற்கப்பட்டு, அங்கே முதலில் வுவாசொன் யுனைடெட் என்றும் பிறகு சொங்க்லா யுனைடெட் என்றும் ஆயிற்று. மண்ணில் முளைத்தது வெளியேறியது. வந்து நட்டது தங்கியது. ஊரின் கழகம் என்ற தகுதியைப் பிறப்பு தருகிறது என்று நம்புவோர்க்கு இந்த நிகழ்வு கடினமான சோதனை. சொங்க்லாவிலும் மக்கள் அந்த அணியைத் தங்களுடையதாக ஏற்று அரங்கை நிரப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உரிமத்தின் பூர்வீகத்தை ரசிகர்கள் கேட்பதில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது. அவர்கள் கேட்பது, அணி தங்களிடையே வாழ்கிறதா என்பதை.

புரிராம் எப்படிப்பட்ட ஊர்? பாங்காக்கிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கம்போடிய எல்லையைத் தொடும், ஈசான் எனப்படும் வடகிழக்கு வட்டாரத்து மாகாணம். லாவோ வழி மொழியோடு கெமரும் வீடுகளில் பேசப்படுகிறது. புரிராம்காரர்கள் தண்ணீரை இடித்துக் குடிப்பவர்கள் என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. சேற்றைப் பிசைந்து நீர் எடுக்கும் அளவு வறண்ட நிலம் என்பது அதன் உட்பொருள். ஈசான் மக்கள் தலைநகருக்குக் கூலிகளாகவும் ஓட்டுநர்களாகவும் போனார்கள். தலைநகரிலிருந்து அவர்களிடம் வந்தது பெரும்பாலும் ஏளனம். மாகாணத்தின் பெருமைக்கு ஒரே அடையாளமாக இருந்தது, அணைந்த எரிமலையின் உச்சியில் கெமர் அரசர்கள் சிவனுக்கு எழுப்பிய பனோம் ருங் கோயில். அதன் நிலைவாசலிலிருந்து காணாமற்போன, பள்ளிகொண்ட பெருமாள் சிற்பம் பொறித்த மேற்கல், சிகாகோவிலிருந்து 1988இல் திரும்பி வந்தது. அதை மீட்கத் தாய்லாந்தில் எழுந்த பொதுக் கிளர்ச்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. கழகம் தன் சின்னத்தில் இந்தக் கோயிலை வைத்தது. 'மின்னல் கோட்டை' என்ற அதன் பட்டப்பெயரில், கோட்டை புரிராமிலிருந்தும் மின்னல் மின்வாரியத்திலிருந்தும் வந்தவை.

2011இல் திறக்கப்பட்ட அரங்கு இந்தப் பின்னணியில் பொருள் பெறுகிறது. ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் எழுந்த அது முதலில் 24,000 பேருக்கானது. பின்னர் 32,000க்கு மேல் விரிந்தது. தாய்லாந்தின் மாகாண அரங்குகளில் பெரும்பாலானவை ஓட்டப்பாதை சூழ்ந்தவை. பார்வையாளர் ஆட்டத்திலிருந்து விலகி அமர வேண்டும். இங்கே ஓட்டப்பாதை இல்லை. கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட நாட்டின் மிகப்பெரிய அரங்கு, தலைநகரில் அமையாமல் ஈசானில் அமைந்தது. அருகிலேயே 2014இல் பந்தயச் சாலை திறக்கப்பட்டது. 2018 முதல் மோட்டோ ஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயம் அங்கே வருகிறது. ஊரைக் கடந்துசெல்லும் இடமாகக் கருதியவர்கள் ஊருக்கு வந்து தங்கத் தொடங்கினார்கள்.

ஆய்வாளர் யோஷினோரி நிஷிசாகி சுபன்புரியைப் பற்றி 2011இல் வெளியிட்ட நூல் இங்கே துணைக்கு வருகிறது. அம்மாகாண அரசியல்வாதி பன்ஹார்ன் சில்பா–ஆர்ச்சாவின் செல்வாக்கைப் பணத்தாலும் மிரட்டலாலும் மட்டும் விளக்க முடியாது. அவர் போட்ட சாலைகளும் கட்டிய பள்ளிகளும் பின்தங்கிய மாகாணத்துக்கு ஒரு கூட்டுப் பெருமையைத் தந்தன, வாக்குகள் அந்தப் பெருமையின் வெளிப்பாடு என்பது நிஷிசாகியின் வாதம். புரிராமுக்கு இது பொருந்துமா? பூம்ஜாய் தாய் 2019இல் மாகாணத்தின் எட்டுத் தொகுதிகளையும், 2023இல் பத்துத் தொகுதிகளையும் முழுமையாக வென்றது. ஆனால் இதைக் கால்பந்தின் விளைச்சலாக வாசிப்பது அவசரம். நெவினின் தந்தை சாய் சிட்சோப் கழகம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நாடாளுமன்ற உறுப்பினர். 2008இல் அவைத் தலைவரும் ஆனவர். வாக்கு வலை முன்பே பின்னப்பட்டிருந்தது. சுபன்புரியின் சாலைகளுக்கும் புரிராமின் அணிக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. சாலை தோற்பதில்லை. அணி தோற்கும்; தோற்கும்போது புரவலரின் முகத்துக்கு நேரே முப்பதாயிரம் பேர் தங்கள் அதிருப்தியைக் காட்ட முடியும். எந்தத் தேர்தல் கூட்டத்திலும் கிடைக்காத உரிமை அது.

அணி அதிகம் தோற்கவில்லை என்பது உண்மை. அத்தபோல் புஸ்பகோமின் பயிற்சியில் 2012 ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் ஆட்டத்தில் ஜப்பான் சாம்பியன் கஷிவா ரெய்சோலை 3–2 என்று சொந்த அரங்கில் வென்றது. அடுத்து குவாங்சோ எவர்கிராண்டேயை அதன் மண்ணிலேயே 2–1 என்று வீழ்த்தியது. மறு ஆண்டு காலிறுதி வரை சென்று ஈரானின் எஸ்தெக்லாலிடம் தோற்றது. 2013, 2015 ஆகிய இரு லீக் பருவங்களில் ஓர் ஆட்டம்கூட இழக்கவில்லை. 2025 மே மாதம் வியட்நாமின் காங் ஆன் ஹா நோயுடன் இரு ஆட்டங்களும் சமனில் முடிந்தபின் பெனால்டியில் வென்று ஆசியான் கழகக் கோப்பையையும் எடுத்தது.

இந்த வெற்றிகளைவிட ஆய்வுக்கு முக்கியமானது இளையோர் பயிற்சிக்கூடம். ஈசானிலேயே பிறந்த சுபச்சோக் சராச்சாத், சுபநாத் முவந்தா சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். சுபநாத் 2018இல் பதினைந்து வயதில் லீக்கில் கோல் அடித்தார். மின்வாரியக் காலத்தில் திறமையுள்ள ஈசான் சிறுவன் பாங்காக்கில் ஏதேனும் துறையில் வேலை தேட வேண்டியிருந்தது. இப்போது பாதை திரும்பியிருக்கிறது: தேர்வுக்காகச் சிறுவர்கள் புரிராமுக்கு வருகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் என் வாதத்தின் முதல் பாதியை நான் விட்டுக்கொடுக்க இயலாது. 2019 பருவத்துக்குப் பின் ஆர்மி யுனைடெட், பி.டி.டி. ராயோங், தாய் ஹோண்டா ஆகியவை ஒரே காலகட்டத்தில் போட்டியிலிருந்து விலகின. படை, எண்ணெய் நிறுவனம், வாகன நிறுவனம் என்று புரவலர் வேறுபட்டாலும் முடிவு ஒன்றே. தாய் விவசாயிகள் வங்கிக்கு நேர்ந்தது இருபது ஆண்டுகள் கழித்தும் நேர முடிகிறது என்றால் நோய் தீரவில்லை. புரிராமில் ரசிகர்களுக்குப் பங்குரிமை இல்லை. முடிவுகள் ஒரு குடும்பத்தின் மேசையில் எடுக்கப்படுகின்றன. அரங்கும் பந்தயச் சாலையும் உள்ள காவ் கிரடோங் பகுதியிலும் சிக்கல் உண்டு. அங்கே 5,083 ராய், அதாவது சுமார் 2,000 ஏக்கர் நிலம், அரசு ரயில்வேக்கும் நிலத்தை அனுபவிப்போருக்கும் இடையே நெடுங்கால வழக்கில் உள்ளது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ரயில்வேயின் பக்கம் சாய்ந்தன. நிலத்துறை 2024இல் பட்டாக்களை ரத்துசெய்ய மறுத்தது. ஊரில் வேரூன்றியதற்குச் சான்றாக நாம் காட்டும் அரங்கே, எந்த அமைச்சகம் யார் கையில் இருக்கிறது என்பதோடு பிணைந்து நிற்கிறது. 2009இல் உரிமம் கைமாறியபோது இருந்த அதே உள்துறை அமைச்சகம்தான் இதிலும் நடுவில் உள்ளது. அரங்கு நிரம்புவதற்கும் ஒரு கழகம் தன் காலில் நிற்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத் தாய்லாந்தில் இன்னும் எந்தக் கழகமும் கடக்கவில்லை. அதைக் கடக்கத் தேவையான கூட்டம் புரிராமிடம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு உரிமத்தில் ஒரு பங்கு இன்னும் தரப்படவில்லை.