சேரன்மகாதேவிக்குக் கம்பளி எதற்கு?

பழைய கோயில் கல்வெட்டுகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சொல் உண்டு: ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடு தட்டாத ஆடு! நந்தா விளக்கு எரிக்க யாராவது ஆடுகளைத் தானம் கொடுப்பார்கள். சோழநாட்டில் பெரும்பாலும் 90 அல்லது 96. அவற்றை வாங்கிக்கொள்ளும் இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகாதா என்ன? சாகும். ஆனால், கணக்கில் ஒன்று குறையக் கூடாது. குட்டிகளை வளர்த்து நிரப்புவது அவர் பாடு.

சோழபாண்டியர்கள் கோலோச்சிய 11-ஆம் நூற்றாண்டில் சேரன்மகாதேவி பெரிய ஊர். அந்தக் காலத்து இடையர் இப்படியொரு பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொண்டு எந்த ஆட்டை வைத்திருப்பார்? அழகான ஆட்டையா, பிழைக்கிற ஆட்டையா?

ஆற்றங்கரை, பச்சைப்பசேல் வயல், ஆட்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். அதுதான் இல்லை! செம்மறிக்கு ஈரம் ஆகாது. சேற்றில் நின்றால் குளம்பு அழுகும். வாய்க்கால் நத்தையில் வளர்ந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும் தட்டைப்புழு, மேயும் ஆட்டின் ஈரலுக்குள் போய் உட்காரும். அதனால் பிசானப் பயிர் நிற்கும்போது மந்தைக்கு மேட்டு நிலம். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் தாமிரபரணிக் கரையில் கிடை. ராத்திரி முழுக்க விழும் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த போகத்துக்கு உரம். ஆட்டுக்காரருக்கு நெல்லோ காசோ கூலி. இந்த நடைக்கும் வெயிலுக்கும் தோதாக உருவானவைதான் தென்பாண்டிச் சீமை ஆடுகள். வெள்ளையில் செம்புள்ளி போட்ட வேம்பூர் ஆடு, பழுப்பு உடம்பில் கறுப்பு படர்ந்த கீழக்கரிசல், செந்நிறச் சேவாடு. மூன்றுக்கும் உடம்பில் ரோமம்தான், கம்பளி கிடையாது. நெல்லை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நாம் நடப்போமா?

வெள்ளைக்காரர்களுக்கோ கம்பளி மேல் ஆசை. 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு ஆடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். டாஸ்மேனியாவின் மெரினோ, இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லை மலையின் செவியட், தெற்கு இங்கிலாந்தின் தாழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளில் மேய்ந்த சவுத்டவுன். அவர்கள் ஊரிலேயே மலைக்கு ஓர் ஆடு, தாழ்நிலத்துக்கு ஓர் ஆடு என்று பிரித்து வைத்திருந்தவர்கள், இங்கே எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தார்கள்! நல்லவேளையாக நம் கோயம்புத்தூர் ஆட்டின் ரத்தமும் அதில் சேர்ந்தது. குளிரையும் மழையையும் தாங்கும் நீலகிரி ஆடு பிறந்தது அப்படித்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஆசை விடவில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் 1955-இல் அரசு ஆட்டுப் பண்ணை வந்தது. எட்டில் ஐந்து பங்கு சீமை ரத்தம், மூன்று பங்கு நீலகிரி ரத்தம் என்று அங்கே உருவாக்கிய இனத்துக்கு ‘சாண்டினோ’ என்று பெயர். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எல்லாமே மலை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கிடாவைக் கீழே இறக்கினால் கோடையில் மூச்சிரைக்கும், தீனி இறங்காது. கம்பளிக்காகப் போட்ட முதல் அத்தனையும் போச்சு.

மலையிலும் கதை சுபமாக முடியவில்லை. புல்வெளிகளைத் தேயிலையும் தைல மரமும் விழுங்கின. கம்பளிக்கும் விலை இல்லை. நீலகிரி ஆடு இன்று அருகிவரும் இனம்.

கீழே வேறு சிக்கல். களக்காடு முண்டந்துறை 1988-இல் புலிகள் காப்பகமானது. காட்டுக்குள் மேய்ச்சல் கிடையாது. எஞ்சிய புறம்போக்குகளும் சுருங்குகின்றன. வேறு ஆடுகளோடு கலந்து கலந்து கீழக்கரிசலை அடையாளம் கண்டுபிடிப்பதே பாடாகிவிட்டது. சேவாட்டையும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. சின்ன ஆடு அது. சந்தையில் வேம்பூர்க் கிடா பக்கத்தில் நிறுத்தினால் விலை இறங்கித்தான் கேட்பார்கள். சித்திரை வெயிலில் காய்ந்த மேட்டில் கிடைத்ததைக் கடித்துவிட்டு, சாயங்காலம் கிடைக்கு நடந்தே வந்து சேர்ந்துவிடும்.