மீனுக்கு நாள் குறித்த கதை

குளிரோடைகளில் வாழும் டிரவுட் மீனின் முட்டைகளைப் பிதுக்கியெடுத்து, ஆண்மீனின் விந்தோடு கலந்து குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை 18ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மானியரான யாக்கோபி செய்து காட்டினார். ஆயினும், ஒரு பண்ணையின் பெண்மீன்கள் யாவற்றுக்கும் ஒரே நாளில் முட்டை முதிர்வதில்லை. முதிர்ந்த முட்டை உடலினுள் நாட்பட்டுத் தங்கினால் கருக்கொள்ளுந் தன்மையை இழந்துவிடும். நாள் தவறினால் ஓராண்டு உழைப்பும் வீணே.

இதற்கு வழி தென் அமெரிக்காவில் திறந்தது. 1930இல் ஆர்ஜென்டீனாவின் ஊசே என்னும் அறிஞர் ஒரு மீனின் கபச்சுரப்பிச் சாற்றைக் குஞ்சீனும் வேறொரு மீனுக்கு ஊசிமூலம் ஏற்ற, அது காலத்துக்கு முன்பே ஈன்றது. அடுத்த சில ஆண்டுகளுள் பிரேசிலில் வொன் இயெரிங் குழுவினர் ஆற்றுமீன்களை இம்முறையால் முட்டையிடச் செய்தனர். 1957இல் இந்தியாவிலே ஈராலால் சௌதுரி கெண்டையினத்தில் வெற்றி கண்டார்.

கபச்சுரப்பியையே ஏவுகின்ற மூளை ஓமோனின் அமைப்பு 1971இல் தெளிவாயிற்று. மூளை ஓமோன் ஆராய்ச்சிக்காக ஷாலி, கியமென் இருவரும் 1977இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். அவ்வோமோனைப் போலச் செயற்கையாய் ஆக்கிய மருந்தை ஏற்றினால், டிரவுட்டுக்கும் அதன் உறவான சார் மீனுக்கும் முட்டைகள் ஏறக்குறைய ஒருங்கே முதிர்கின்றன.

எனினும், அம்மருந்து முட்டையை உண்டாக்குவதன்று. முதிருந் தறுவாயிலுள்ள முட்டை வெளிவர விடைகொடுப்பதே அதன் தொழில். பருவமெய்தாத மீனுக்கு ஏற்றினாற் பயனில்லை. குளிர்நீரும் நல்லுணவும் மாதக்கணக்கில் ஆக்கியதை மனிதன் ஏற்ற நாளிற் பெற்றுக்கொள்கிறான், அவ்வளவே.