ஒரு பேரெண்ணின் வரலாறு

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு தானியமணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு எனக் கட்டந்தோறும் இரட்டித்துத் தருமாறு அரசனிடம் அறிஞன் ஒருவன் வேண்டிய கதையை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். பலகையில் 64 கட்டங்கள் உண்டு. மேலும் மூன்று கட்டங்களைச் சேர்த்து நிரப்பினால், மணிகளின் தொகை 147,573,952,589,676,412,927 ஆகும். இரண்டின் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த இவ்வெண்ணின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண் முதன்மையெண். அவ்வாறு வகுபடுவது சேர்த்தியெண். இரண்டின் வலுவில் ஒன்று குறைந்த எண் முதன்மையாக வேண்டுமாயின், அவ்வலுவைக் குறிக்கும் எண்ணும் முதன்மையாதல் வேண்டும். ஆயினும் அது மட்டும் போதாது. 11 முதன்மையெண்ணே, எனினும் இரண்டின் 11ஆம் வலுவில் ஒன்று குறைந்த 2047, 23ஐ 89ஆற் பெருக்க வருவதாகும்.

மரேன் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, 257 வரையுள்ள வலுக்களில் எவை முதன்மையெண்களைத் தருவன என்று 1644ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67உம் இடம்பெற்றது. நிரூபணம் எதுவும் அவர் தந்தாரல்லர். இத்துணைப் பெரிய எண்ணைக் கையால் வகுத்துச் சோதிப்பது எளிதன்று. ஆகவே அவர் கூற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாமல் நின்றது.

1876இல் எட்வார்ட் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், காரணிகளைத் தேடாமலே முதன்மையைச் சோதிக்கும் வழியொன்றைக் கண்டு, இது சேர்த்தியெண்ணே என நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் எவை? பூட்டிய பெட்டியைக் குலுக்கி, உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு என்று அறிந்தவன், அவை எவையென்று அறியாதிருப்பது போன்ற நிலை அது.

பெட்டியைத் திறந்தவர் அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் தம் முடிவை அளித்தார். ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையின் ஒருபுறம் இரண்டின் 67ஆம் வலுவைக் கணித்து ஒன்றைக் கழித்தார் என்றும், மறுபுறம் 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கிக் காட்டினார் என்றும், இரண்டும் ஒத்ததும் சபையோர் கைதட்டினர் என்றும் கூறுவர். மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின என்று அவர் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

மேர்சென்னின் பட்டியலில் 257உம் தவறாகவே சேர்ந்திருந்தது. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. எனினும் அவர் பெயர் மறையவில்லை. 2024இல் கண்டறியப்பட்ட, 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மையெண்ணும் மேர்சென் எண் என்றே அழைக்கப்படுகிறது. நல்ல வினாவை எழுப்பியவரின் பிழையை உலகம் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் திருத்தாமல் விடுவதில்லை.

பெரியோர் கூற்றென்பது நிரூபணமாகாது என்று வகுப்பறையில் நாம் பலமுறை சொல்கிறோம். இவ்வெண் அதனைக் கண்முன் காட்டுகிறது. கோல் ஆண்டுக்கணக்கில் தேடியதை, பெருக்கலறிந்த மாணவன் எவனும் ஒரு தாளில் ஒரு மாலைக்குள் சரிபார்த்துவிடலாம். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளிடம் அவ்விரு காரணிகளையும் கொடுத்துப் பாருங்கள். என் சொல்லையும் அவர்கள் சோதிக்கட்டும்.