பைத்தான் 2-லிருந்து 3-க்கு: டெஸ்ட் உடைஞ்சா தப்பு யார் மேல?

ஒரு புரோகிராமிங் மொழி தன்னோட புது வெர்ஷனுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வர பதினோரு வருஷம் ஆச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

2008 டிசம்பர் 3. பைத்தான் 3.0 வெளியாகிறது. பைத்தான் 2-ல எழுதின பல புரோகிராம்கள் இதுல அப்படியே ஓடாது. தெரிஞ்சேதான் இந்த முடிவை எடுத்தாங்க. ஏன்? ‘தமிழ்’னு ஒரு யூடிஎஃப்-8 ஃபைல்ல சாதாரணமா எழுதி, நீளம் எவ்வளவுன்னு பைத்தான் 2-கிட்ட கேட்டா 15னு சொல்லும். அது எண்ணினது பைட்டுகளை. பைத்தான் 3-ல அதே கேள்விக்கு பதில் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம்ம கண்ணுக்கு மூணு எழுத்துதான். ஆனா எழுத்து வேற, பைட் வேறன்னு மொழிக்கே புரிஞ்சது இங்கேதான்.

சிக்கல் லைப்ரரி எழுதினவங்களுக்கு. பயனர்கள்ல பாதிப் பேர் பழசுல, பாதிப் பேர் புதுசுல. ஒரே கோட் ரெண்டுலயும் ஓடணும். அதுக்காகவே ‘சிக்ஸ்’னு ஒரு லைப்ரரி வந்தது. பேர்க் காரணம்? ரெண்டு மூணு ஆறு! எந்த பேட்ச் வந்தாலும் டெஸ்ட்டை எல்லா வெர்ஷன்லயும் ஓட்டிப் பார்த்துதான் சேர்க்கணும்.

2012-ல 3.3 வந்தது. யூனிகோட் சரத்துக்கு முன்னாடி ‘யு’ போடுற பழைய வழக்கத்தை 3.0 நீக்கியிருந்தது, 3.3 அதைத் திரும்ப அனுமதிச்சது. மொழியே ஒரு படி இறங்கி வந்தது.

அதே 3.3-ல இன்னொரு மாற்றம். வேணும்னே தேர்ந்தெடுத்த சாவிகளை அனுப்பி வெப் சர்வரையே திணறடிக்க முடியும்னு 2011 கடைசியில ஆய்வாளர்கள் காட்டியிருந்தாங்க. அதைத் தடுக்க, சரங்களோட ஹேஷ் மதிப்பு ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மாறும்படி செஞ்சாங்க. விளைவு, டிக்‌ஷனரியில சாவிகள் வர்ற வரிசையும் மாறிடுச்சு. வருஷக்கணக்கா பாஸான டெஸ்ட்டுகள் ஒரு தடவை பாஸ், மறு தடவை ஃபெயில்!

இப்போ நீங்கதான் ரிவ்யூ பண்றீங்கன்னு வச்சுக்கோங்க. எதிர்பார்க்கும் விடையோட வரிசையை மட்டும் மாத்தி ஒரு பேட்ச் வருது. டெஸ்ட் பச்சையாயிடுச்சு. சேர்த்துடலாமா? கூடாது. அடுத்த ஓட்டத்துல திரும்ப உடையும். அந்த வரிசையை மொழி எப்பவுமே உறுதி சொன்னதில்லை. இங்க கோட் சரி, டெஸ்ட்தான் தப்பு. வரிசைப்படுத்திட்டு ஒப்பிடணும், இல்லைன்னா டிக்‌ஷனரியை டிக்‌ஷனரியோடவே ஒப்பிடணும். சேர்த்த வரிசை மாறாதுன்னு பைத்தான் உறுதி கொடுத்தது 2018-ல வந்த 3.7-லதான்.

பைத்தான் 2.7-க்கு 2015-லயே விடை கொடுக்கிறதா இருந்தது, 2020-க்குத் தள்ளிப்போட்டாங்க. கடைசி வெளியீடான 2.7.18 வந்தது 2020 ஏப்ரல்ல.

அடுத்த தடவை உங்க டெஸ்ட் ஏதாவது புது வெர்ஷன்ல உடைஞ்சா, உடனே அதைப் பச்சையாக்கப் பார்க்காதீங்க. மொழி கொடுத்த உறுதி எது, நாமளா நம்பினது எதுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!