சப்பாத்துக் கயிறு

இரண்டு முழக் கயிற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டோ என்று நகைப்போர் உளர். பட்டாபிஷேகங்களும் படையெடுப்புகளுமே சரித்திரம் என்று பள்ளியில் நமக்குக் கற்பித்துவிட்டமையால் எழும் நகைப்பு அது. ஆனால், மனிதன் தன் காலில் எதை அணியலாம், அணிந்ததை யார் முன்னிலையில் கழற்றவேண்டும் என்றெல்லாம் சட்டம் செய்தவர்கள் அந்தப் பட்டாபிஷேகக்காரர்களும் சாதிமான்களுமே அல்லரோ? ஆதலின் சப்பாத்துக் கயிற்றின் கதை, கால் கடுக்க நடந்தவர்களின் கதையுமாகும். அதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சப்பாத்து என்பது போர்த்துகேசியர் மொழியினின்று நமக்கு வந்த சொல். அவர்கள் 1511-ல் மலாக்காவைப் பிடித்து 1641 வரை ஆண்டனர். அவர்களுடைய 'சபாத்து' மலாய்க்காரர் நாவில் 'செபாத்து' ஆயிற்று. தமிழர் நாவில் 'சப்பாத்து' ஆயிற்று. சொல் கடல் கடந்து வந்தது என்பதனால் பொருளும் நமக்குப் புதிது என்று எண்ணிவிடலாகாது. காலுக்குத் தொடுதோல் என்றும், பாதத்தை முற்றும் மூடுவதற்கு அடிபுதையரணம் என்றும் பழந்தமிழர் பெயரிட்டு வழங்கினர். பாதத்தை மறைக்கும் அரண் என்று ஒரு சப்பாத்தை அழைத்த மக்களின் வழிவந்தோரே, பின்னாளில் தம்முள் ஒரு பகுதியாருக்குச் செருப்பும் ஆகாது என்று விலக்கினர். அஃது எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

சப்பாத்துக் கயிற்றை 1790-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒருவர் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் எழுதி வைத்துள்ளன. இது பொருந்தாக் கூற்று. ஆர்மீனிய நாட்டில் அரெனி என்னும் ஊரின் குகையொன்றில் 2008-ல் ஒரு தோற்சப்பாத்து கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 5,500 ஆண்டுகள். ஒரே மாட்டுத்தோலை மடித்துச் செய்த அச்சப்பாத்தின் முன்புறத்தில் துளைகளிட்டு, அவற்றினூடே தோல்வாரைக் கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகட்கு முன் மாண்ட மனிதனின் காலிலும் வாரால் கட்டிய புல்லடைத்த சப்பாத்து இருந்தது. எழுத்தறியாத அம்மக்கள் ஓர் உண்மையை அறிந்திருந்தனர். கால் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. ஒருவர்க்கே காலையில் ஓர் அளவு, மாலையில் வீங்கி வேறோர் அளவு. தைத்து முடித்த தோல் மாறாது. கோத்த கயிறு மாறிக் கொடுக்கும். கயிற்றின் பயன் முழுதும் இதனுள் அடங்கும்.

எளியோர் கண்ட இவ்வறிவை மேனாட்டுச் செல்வர் ஒரு காலத்தில் இகழ்ந்தனர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வெள்ளியாலும் கல்லிழைத்தும் செய்த கொளுவிகளைச் சப்பாத்தில் பூட்டிக்கொள்வதே பெருமை எனப்பட்டது. கயிறு கட்டியவன் கீழோன்! நாளடைவில் இங்கிலாந்தில் மக்கள் மீண்டும் கயிற்றுக்குத் திரும்பவே, கொளுவி செய்யும் தொழிலாளர் 1791-ல் வேல்ஸ் இளவரசரிடம் முறையிட்டுக்கொண்டனர். தம் பிழைப்புப் போகிறதே என்று அவர்கள் வருந்தியதை நாம் நகைத்தல் ஆகாது. இளவரசர் இரங்கித் தம் அரண்மனையார் கொளுவியே அணியவேண்டுமெனப் பணித்தார், பயனில்லை. பிரெஞ்சு நாட்டிலோ புரட்சி மூண்டிருந்தது. 1792-ல் ரோலான் என்னும் அமைச்சர் கொளுவியின்றி, கயிறு கட்டிய சப்பாத்தோடு அரசர் முன் சென்றார். அதைக் கண்ட அரண்மனைச் சடங்கதிகாரி, சப்பாத்தில் கொளுவி இல்லையே என்று கலங்கினாராம். அவருடைய அச்சம் பொய்க்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நாட்டில் முடியரசு ஒழிந்தது. கயிறு முடியரசைக் கவிழ்த்தது என்று நாம் கூறவில்லை. குடிமகன் தன் எளிய உடையோடு அரசன் முன் நிற்கலாம் என்னும் துணிவு பிறந்துவிட்டதற்கு அக்கயிறு ஓர் அடையாளம் என்பதே நம் கருத்து.

இனி நம்மவர் நிலைக்கு வருவோம். நம் நாட்டுச் செருப்பில் பெரும்பாலும் கட்டுக்கயிறு இல்லை. வெப்ப நாடு என்பதும், வீட்டினுள் செருப்போடு புகாத நல்வழக்கம் என்பதும் இதற்குக் காரணங்கள், மறுப்பதற்கில்லை. ஆயின், வேறொரு காரணமும் இதனோடு வந்து சேர்ந்தது. அடிக்கடி குனிந்து பணிய வேண்டியவனுக்குச் சட்டெனக் கழற்றத்தக்க செருப்பே ஏற்றது. எவர் முன்னும் கழற்ற வேண்டாதவனே இறுகக் கட்டிய சப்பாத்தை அணியமுடியும். வெள்ளைக்கார ஆட்சியார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தம் முன்னிலையில் இந்தியர் பாதரட்சையைக் கழற்றி நிற்கவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். 1854-ல் டல்ஹவுசி பிரபுவின் அரசாங்கம், மேனாட்டு முறைச் சப்பாத்து அணிந்த இந்தியர் வங்காளத்து அரசாங்க வைபவங்களில் அதனைக் கழற்ற வேண்டியதில்லை எனச் சலுகை தந்தது. நாட்டுச் செருப்பு அணிந்தவனுக்கு அச்சலுகை இல்லை. மரியாதை மனிதனுக்கா, அவன் அணிந்த சப்பாத்துக்கா?

வெள்ளையனைக் குறை கூறி அமைந்துவிட நமக்கு உரிமை உண்டா என்றால், இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் கூடி ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் சட்டை அணியலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது. மண்கலமன்றி வேறு கலம் ஆளலாகாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, காலுக்குச் செருப்பு அணியலாகாது என்பன அவற்றுட் சில. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மாட்டை உரித்துத் தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் கொடுத்தவன், தான் தைத்ததைத் தன் காலில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க முடியவில்லை. 1950-ல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் பிறந்தது. சட்டம் வந்தபின்னும் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிச் சென்ற மக்கள் இருந்தனர் என்பது தமிழ்நாட்டின் தலைகுனிவு.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழனுக்கேனும் விடிந்ததா? தோட்டத்தில் அவன் வெறுங்காலோடு பால்மரம் வெட்டினான். மண்ணிலுள்ள கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உடலுட் புகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் லூஸ் 1898-ல் கண்டறிந்தார். புழு புகுந்தவன் இரத்தம் குன்றிச் சோர்ந்தான். சோர்ந்தவனைச் சோம்பேறி என்றனர். நோயைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று கக்கூசு, மற்றொன்று காலணி. இரண்டும் அவனுக்கு நெடுநாள் கிட்டவில்லை. மரியாதைச் சட்டமோ தவறாமல் வந்து சேர்ந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும். துரையை மட்டுமன்று, கிராணிமாரைக் கண்டாலும் இறங்கவேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இவ்விழிவை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. பட்டாளம் வந்து சுட்டது, உயிர்கள் போயின. இன்று கிராணி நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் எம்மனோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

இதில் ஒரு விந்தையும் உண்டு. கயிறில்லாத சப்பாத்தை உலகுக்கு எளிதாக்கிய பொருள் நம் கையில் பிறந்த ரப்பரே. இலண்டன் நகரத்துச் சப்பாத்து வினைஞர் ஸ்பார்க்ஸ் ஹால் என்பவர், இருபக்கமும் இழுபடும் பட்டை வைத்த சப்பாத்துக்கு 1840-ல் காப்புரிமை பெற்றார். கந்தகம் சேர்த்து ரப்பரைக் காய்ச்சி உறுதியாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றபின், அத்தகைய பட்டை நீடித்து உழைத்தது. அன்று அந்த ரப்பர் அமேசான் காட்டிலிருந்து வந்தது. 1896-ல் டான் சாய் யான் என்னும் சீனர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக வாணிபத்திற்கென ரப்பர் பயிரிட்டார். பின்னர் நம் நியாலாசுக்கு அண்மையிலுள்ள புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் தோட்டம் அமைத்தார். இவ்வட்டாரத்து மண், உலகின் கால்களுக்கு ரப்பர் தந்த மண். வெட்டியவன் கால் மட்டும் வெறுங்காலாயிருந்தது.

பிற்காலத்தில் அவனுக்கும் ஒரு சப்பாத்து வந்தது. மலாய்க்காரர் வேடிக்கையாக 'அடிடாஸ் கம்போங்' என்றழைக்கும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தே அது. ஒரே அச்சில் வார்த்தது. கயிறில்லை, கண்ணில்லை, தையலில்லை. அடியில் முளைகள் உண்டு. சேற்றில் வழுக்காது, நனைந்தால் கழுவிக் கவிழ்த்தால் போதும், விலையும் குறைவு. மலையேறுவோரும் அதனை விரும்பி வாங்குகின்றனர். கயிறு சேற்றில் ஊறி முள்ளில் சிக்கும் இடத்தில் கயிற்றை நீக்குவதே திருத்தம் என்பதை அச்சப்பாத்து நமக்குக் கற்பிக்கிறது.

ஆயினும் கயிறு போய்விடவில்லை. அறிஞர் அதனை மேன்மேலும் ஆராய்ந்து வருகின்றனர். பிரஷ்ய நாட்டுத் தளபதி புளூகர், தம் படைவீரர் விரைந்து அணிவதற்கென, கயிற்றுக்கண் உள்ள இரு மடல்களும் நன்கு விரிந்து திறக்கும் சப்பாத்தைச் செய்வித்தார் என்பர். அகன்ற பாதத்திற்கு இன்றும் அவ்வமைப்பே உகந்தது. ஆஸ்திரேலியக் கணித அறிஞர் பர்க்கார்ட் போல்ஸ்டர், கயிறு கோக்கும் வகைகளைக் கணக்கிட்டு 2002-ல் வெளியிட்டார். ஆறு இணைக் கண்கள் உள்ள சப்பாத்தில் கயிற்றை இரண்டு இலட்சம் கோடிக்குச் சற்றுக் குறைந்த வகைகளில் கோக்கலாம். அவ்வளவிலும் இறுக்கத்தால் சிறந்தவை, நாம் சிறுவயதில் கற்ற குறுக்குமறுக்குக் கோப்பும், நேர்க்கோப்புமே என்று அவர் நிறுவினார். பெயரறியாத மக்கள் பன்னூறாண்டு பழகிக் கண்டதைக் கணிதம் வந்து மெய்ப்பித்தது.

முடிச்சு ஏன் அவிழ்கிறது என்பதை 2017-ல் கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். கால் தரையில் மோதுந்தோறும் முடிச்சு தளர்கிறது. கால் வீசுந்தோறும் கயிற்றின் நுனிகள் அதனை வெளியே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து நொடிப்பொழுதில் அவிழ்த்துவிடுகின்றன. இதற்குச் செலவில்லாத் திருத்தம் ஒன்றுண்டு. முதல் முடிச்சில் வலக்கயிறு இடக்கயிற்றின் மேற்சென்றால், இரண்டாவதில் இடக்கயிறு மேற்செல்லவேண்டும். கட்டியபின் சுருக்கின் இரு காதுகளும் பாதத்தின் குறுக்கே படுத்திருந்தால் முடிச்சு சரி. விரலை நோக்கியும் கணுக்காலை நோக்கியும் திரும்பி நின்றால் தவறு. நம் பிள்ளைகளுக்கு இதனை இன்றே கற்பிக்கலாம்.

குனிய முடியாதவர், கை நடுங்குபவர், ஒரு கையே உள்ளவர் ஆகியோருக்கு எந்த முடிச்சு உதவும்? அவர்களை நெடுங்காலம் எவரும் எண்ணவில்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், நம் நாயுருவி போல ஆடையில் ஒட்டும் காய் ஒன்றை 1941-ல் உற்றுநோக்கி, ஒட்டுப்பட்டை செய்யும் முறை கண்டு 1955-ல் காப்புரிமை பெற்றார். அது சப்பாத்திலும் ஏறியது. 2012-ல் மாத்யூ வால்சர் என்னும் அமெரிக்க இளைஞர், பிறவியிலேயே மூளைப் பாதிப்பால் கைகால் இயக்கம் குன்றியவர், நைக்கி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதினாறு வயதிலும் பிறர் தம் சப்பாத்தைக் கட்டிவிட வேண்டியிருப்பதை அதில் விளக்கினார். அதன் பயனாக, குதிகாலைச் சுற்றி ஜிப் திறந்து ஒரு கையால் அணியத்தக்க சப்பாத்து 2015-ல் வெளிவந்தது. தொழிற்சாலை அறியாத குறையை அணிபவர் அறிந்திருந்தார். கேட்டதும் வழி பிறந்தது.

இச்செய்தி நம் தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் மிகவும் வேண்டியது. 2019-ல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கின்படி மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேர் நீரிழிவுற்றவர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அந்நோய் மிகுதி. நாட்பட்ட நீரிழிவால் பாதம் மரத்துப்போகிறது. மரத்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரிவதில்லை. இறுகிய சப்பாத்து புண்ணாக்கினாலும் தெரிவதில்லை. புண் அழுகிய பின் விரலையோ காலையோ இழக்கிறார்கள். இவர்களுக்கு ரப்பர்ச் சிலிப்பர் அரணன்று. தளர்ந்த சப்பாத்தும் ஆகாது, இறுகியதும் ஆகாது. வீக்கத்திற்கேற்பத் தளர்த்தி இறுக்கத்தக்க கயிறோ ஒட்டுப்பட்டையோ உள்ளதே ஏற்றது.

அதற்காக மூடிய சப்பாத்தே எல்லார்க்கும் நன்மை என்று கண்மூடித்தனமாகக் கொள்ளவும் வேண்டா. கர்நாடகத்தில் 2,300 பிள்ளைகளின் பாதங்களைச் சோதித்து 1992-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், காலணி அணிந்து பழகியவருள் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலோடு வளர்ந்தவருள் 2.8 பேருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. வளரும் பாதம் அசையவேண்டும். ஆகவே பள்ளிப் பிள்ளைக்கு வேண்டிய சப்பாத்து விரல் விரிய இடமுடையதாய், மடல் நன்கு திறப்பதாய் இருத்தல் வேண்டும். மலேசியக் கல்வியமைச்சு வெள்ளைச் சப்பாத்துக்குப் பதில் கறுப்பு என்று 2018-ல் அறிவித்தபோது, நிறத்தைப் பற்றி நாடெங்கும் பேசினோம். பிள்ளையின் பாதத்திற்கு அது பொருந்துகிறதா என்று பேசியவர் எத்தனை பேர்?

சப்பாத்துக் கயிற்றைத் திருத்த விரும்புவோர் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. தானே அணியவும் தானே அவிழ்க்கவும் முடிகிறதா? வீக்கத்துக்கும் மெலிவுக்கும் ஈடுகொடுக்கிறதா? நடக்கையில் அவிழாமல் நிற்கிறதா? ஏழை வாங்கும் விலையில் கிடைக்கிறதா? இவற்றை வினவும் உரிமை பொறியாளருக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு முதியோரின் பாதங்களை நாமே இன்று மாலை விளக்கின் வெளிச்சத்தில் பார்க்கலாம்; புண் உளதா, சப்பாத்து எங்கே அழுத்துகிறது என்று கேட்கலாம்; வேண்டியதைக் கடையில் கேட்டு வாங்கலாம்; இல்லையெனில் செய்பவருக்கு எழுதலாம். செருப்பு அணியாதே என்று தடுக்கப்பட்டவர்களின் மக்கள், எத்தகைய சப்பாத்து வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். அந்நிலையை வீணாக்காமல் கேட்போமாக.