நிழலைத் தேடிப் போனவர்கள்

சூரிய கிரகணம் என்றைக்கு நேரும் என்பதைப் பஞ்சாங்கத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எங்கே நின்று பார்ப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் நீங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகத் தெரிந்தது. அதே வேளையில் மண்ணூரிலிருந்து பார்த்தவருக்குக் கிடைத்ததோ பிறை வடிவச் சூரியன் மட்டுமே. காரணம் என்ன? கிரகணம் முழுமையாகத் தெரியும் பகுதி, பூமியின் மீது ஒரு குறுகிய பட்டையாகவே ஓடுகிறது. அந்தப் பட்டை நம் ஊரைத் தேடி வராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

அப்படிப் போனவர்களின் கதை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1871 டிசம்பர் 12 அன்று ஒரு முழுக் கிரகணத்தின் நிழல், பெரும்பாலும் 2019இல் வந்த அதே வழியில், மலபார்க் கரையிலிருந்து நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் நோக்கி ஓடியது. எந்த இடத்திலும் சூரியன் முழுவதும் மறைந்திருக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடத்துக்காக விஞ்ஞானிகள் கடல் கடந்து வந்தார்கள்.

ஏன் தெரியுமா? சூரியன் முழுவதும் மறையும்போது அதைச் சுற்றி முத்து நிறத்தில் ஓர் ஒளிமகுடம் தோன்றும். அது சூரியனுக்கே உரியதா, அல்லது நமது காற்றுமண்டலம் காட்டும் மாயத் தோற்றமா? அன்றைய அறிஞர்களிடையே இது பெரிய வழக்காக இருந்தது.

முந்தைய ஆண்டின் முயற்சி பலருக்கு ஏமாற்றத்தில் முடிந்திருந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சென், 1868இல் குண்டூரில் கிரகணம் கண்டு புகழ் பெற்றவர். 1870 டிசம்பரில் பாரிஸ் நகரம் பகைவரின் முற்றுகையில் இருந்தது. அவர் பலூனில் ஏறித் தப்பி, வட ஆப்பிரிக்காவின் ஓரான் நகருக்குச் சென்றார். கிரகண வேளையில் மேகம் மூடிக்கொண்டது! சிசிலித் தீவுக்குப் போன ஆங்கில விஞ்ஞானி லாக்யருக்கும் மேகமே எதிரியாயிற்று.

ஆகவே 1871இல் திட்டம் விரிவாக வகுக்கப்பட்டது. லாக்யர் குழுவினர் அக்டோபரிலேயே கப்பலேறி இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து பல பிரிவுகளாகப் பிரிந்தனர். லாக்யர் மலபார்க் கரையில் உள்ள பேக்கலுக்குச் சென்றார். இத்தாலிய அறிஞர் ரெஸ்பிகி புதுக்கோட்டையில் தங்கினார். இன்னொரு பிரிவு யாழ்ப்பாணத்தில் காத்திருந்தது. ழான்சென் நீலகிரியின் சோலூரையும், டென்னன்ட் தொட்டபெட்டாவையும் தேர்ந்தெடுத்தனர். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் அவிநாசியில் முகாமிட்டார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் உடன் இருந்தார்.

இப்படிப் பிரிந்து நின்றதில் இரண்டு நன்மைகள். ஓரிடத்தில் மேகம் மூடினாலும் மற்றோரிடம் தப்பும். அத்துடன், பல இடங்களில் எடுத்த படங்களை ஒப்பிடவும் முடியும். பேக்கல் கடற்கரையிலும் தொட்டபெட்டா உச்சியிலும் எடுத்த படங்களில் ஒளிமகுடத்தின் கதிர்களும் பிளவுகளும் ஒன்றுபோலவே இருந்தன. காற்றுமண்டலத்தின் தோற்றமென்றால் இடத்துக்கு இடம் அது மாறியிருக்க வேண்டுமல்லவா? ழான்சென்னின் நிறமாலை ஆய்வும் அதையே உறுதிசெய்தது. ஒளிமகுடம் சூரியனுடையதே!

வாசக நண்பர்களே, இனி நம் முறை. 2031 மே 21, புதன்கிழமை, நண்பகலையொட்டி ஒரு வளையக் கிரகணம் கொச்சி, தேனி, மதுரை, காரைக்குடி, யாழ்ப்பாணம் வழியே செல்லும். மண்ணூர் இம்முறையும் பட்டைக்கு வெளியேதான். மதுரைக்கு ஏறத்தாழ 450 கிலோமீட்டர் பயணம். அன்று வேலை நாள். ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் விடுப்புக்கு முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். மேகம் தென்பட்டால் பட்டைக்குள்ளேயே வேறு ஊருக்கு நகர வழி இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

கண்ணைக் காப்பது எல்லாவற்றிலும் முக்கியம். வளையக் கிரகணத்தில் சூரியன் ஒரு கணமும் முழுவதும் மறைவதில்லை. ஆகவே எந்த நேரத்திலும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள் ஆகியவை உதவா. “எங்கள் பட்டறையில் வெல்டிங் கண்ணாடி இருக்கிறதே!” என்பீர்கள். வழக்கமாகப் பயன்படும் 10, 11ஆம் எண் கண்ணாடிகள் போதா. 14ஆம் எண் வேண்டும். அல்லது இதற்கென்றே தரச்சான்றுடன் வரும் கிரகணக் கண்ணாடி வாங்கலாம். எதுவும் இல்லையா? அட்டையில் குண்டூசியால் ஒரு துளையிட்டு, அதன் வழியே விழும் ஒளியைத் தரையில் பாருங்கள். சூரியன் அப்போது தலைக்கு மேலே இருப்பதால், மரநிழலில் இலை இடுக்கு வழியே விழும் ஒளிப்பொட்டுகளும் சிறு சிறு வளையங்களாக மாறும்.

பலூனில் தப்பிப் போயும் மேகத்தால் ஏமாந்தவர், மறு ஆண்டே நீலகிரி ஏறினார். நமக்குத் தேவை ஒரு பேருந்துப் பயணமும், துளையிட்ட ஓர் அட்டையும்தானே?