பள்ளமா மேடா? ஃபோட்டோவிலிருந்து வடிவம் எடுத்த கதை

நிலவின் பள்ளங்கள் தெரியும் ஒரு ஃபோட்டோவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளமெல்லாம் மேடாகிவிடும்! படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை நம்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மூளைக்கே இந்தக் கதி என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஒரு ஃபோட்டோவைக் கொடுத்து, "இந்தப் பொருளின் மேடுபள்ளத்தைச் சொல், அதன் நிஜமான நிறத்தையும் சொல்" என்று கேட்டால்? இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடுவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது ஒரே ஒரு எண். அங்கே எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டும். ஆனால் அந்த எண்ணை மூன்று விஷயங்கள் சேர்ந்து உண்டாக்குகின்றன: மேற்பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அது எவ்வளவு வெளுப்பு, விளக்கு எங்கே இருக்கிறது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், பில்லில் மொத்தம் 120 ரூபாய் என்று மட்டும் இருக்கிறது. விலையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. 12 ரூபாயில் 10 வாங்கினார்களா, 20 ரூபாயில் 6 வாங்கினார்களா? யாருக்குத் தெரியும்!

இதற்கு அடிப்படைக் கணக்கைப் போட்டவர் யோஹான் லாம்பெர்ட். 1760-ல் வெளிவந்த 'போட்டோமெட்ரியா' என்ற நூலில், பளபளப்பில்லாத ஒரு பரப்பு விளக்கை நோக்கி நேராக இருந்தால் அதிகப் பிரகாசம், சாயச் சாயக் குறையும் என்பதைக் கணிதமாக எழுதினார். வடிவத்திலிருந்து பிரகாசத்துக்குப் போக வழி கிடைத்துவிட்டது. திரும்பி வரத்தான் வழியில்லை.

திரும்பி வரும் வழியைத் தேட வைத்தது நிலவு. 1964-ல் அமெரிக்காவின் ரேஞ்சர் 7 விண்கலம் நிலவில் மோதுவதற்கு முன்பு 4,300-க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. மனிதனை இறக்க வேண்டுமென்றால் தரை எவ்வளவு சரிவு என்று தெரிய வேண்டுமே! ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியைச் சேர்ந்த ரிண்ட்ஃப்ளைஷ், படத்தின் பிரகாசத்திலிருந்தே சரிவைக் கணக்கிடும் முறையை 1966-ல் வெளியிட்டார். நிலவில் இது முடிந்ததற்குக் காரணம் உண்டு. சூரியன் எந்தத் திசையில் என்பது துல்லியமாகத் தெரியும். ஒரு சின்ன வட்டாரத்தில் மண் ஏறக்குறைய ஒரே வெளுப்பு. அதாவது பில்லில் விலை முன்பே தெரியும்!

நிலவை விட்டு, எந்தப் பொருளுக்கும் பொதுவாக இதைச் செய்யப் பார்த்தவர் பெர்த்தோல்ட் ஹார்ன். எம்.ஐ.டி.யில் 1970-ல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் பொருளே, வழவழப்பான ஒரு பொருளின் வடிவத்தை ஒரே ஒரு படத்தின் ஒளி-நிழலிலிருந்து எடுப்பது. 'ஷேப் ஃப்ரம் ஷேடிங்' என்று இதற்குப் பெயர். கணிதம் அழகாகவே இருந்தது. ஆனால் பொருள் முழுவதும் ஒரே மாதிரிப் பரப்பு என்று வைத்துக்கொண்டால்தான் அது ஓடும். தட்டையான காகிதத்தில் ஒரு மைக்கறை இருந்தால் போச்சு. கறையா சரிவா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வு சொன்னவர் ராபர்ட் வூட்ஹாம். 1980-ல் வந்த அவரது கட்டுரையின் யோசனை ரொம்ப எளிமை. கேமராவையும் பொருளையும் அசைக்காதே, விளக்கை மட்டும் இடம் மாற்றி மூன்று படம் எடு! ஒவ்வொரு புள்ளிக்கும் தெரியாதவை மூன்று (இரண்டு திசைச் சாய்வு, ஒரு வெளுப்பு). இப்போது சமன்பாடும் மூன்று. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி விடை வந்துவிடும். விளக்கு நகர்ந்தால் சரிவின் பிரகாசம் ஏறி இறங்கும், மைக்கறையோ எந்தப் பக்கம் விளக்கு வைத்தாலும் சுற்றியுள்ள காகிதத்தைவிடக் கறுப்பாகவே இருக்கும். வடிவமும் நிறமும் தனித்தனியாகப் பிரிந்தன.

சரி, விளக்குகள் எங்கே இருந்தன என்றே தெரியாவிட்டால்? பெல்ஹ்யூமர், க்ரீக்மன், யூயில் என்ற மூவர் 1997-ல் இதை ஆராய்ந்தார்கள். எத்தனை படம் எடுத்தாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும் என்று நிரூபித்தார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் முழு உருவமா, தட்டையாக்கிய புடைப்புச் சிற்பமா என்று சொல்லவே முடியாது. ஆழம் குறைவாகச் செதுக்கிய சிற்பம் நம் கண்ணுக்கு முழு ஆளாகத் தெரிவதன் ரகசியமும் இதுதான்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். கிரீஸ் நாட்டில் 1901-ல் கடலிலிருந்து எடுக்கப்பட்ட ஆன்டிகிதீரா இயந்திரம், இரண்டாயிரம் வருடப் பழமையான பல்சக்கரக் கருவி. துருவேறிய அதன் எழுத்துகளைப் படிக்க முடியாமல் அறிஞர்கள் தவித்தார்கள். 2005-ல் எச்.பி. நிறுவனத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு, சுற்றிலும் ஃபிளாஷ் விளக்குகள் பொருத்திய ஒரு அரைக்கோளத்தை ஏதென்ஸ் அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோனது. திசைக்கு ஒன்றாக விளக்கெரித்துப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் துருவின் நிறத்தை நீக்கிவிட்டு மேடுபள்ளத்தை மட்டும் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது! எக்ஸ்ரே ஸ்கேன் உள்ளே மறைந்திருந்ததையும் காட்டியது.

இன்று ஒரே ஒரு படத்தைக் கொடுத்தாலே ஆழத்தைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இருக்கின்றன. பல லட்சம் படங்களைப் பார்த்துப் பழகியவை அவை. ஆனாலும் அந்த 120 ரூபாய் பில் அப்படியேதான் இருக்கிறது. "இந்தக் கடையில் வழக்கமாக 12 ரூபாய்ப் பொருள்தான் விற்கும்" என்று அனுபவத்தில் ஊகிக்கின்றன. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் பழைய கல்வெட்டிலோ, மருத்துவப் படத்திலோ, விபத்து வழக்கின் ஃபோட்டோவிலோ 'பெரும்பாலும்' போதுமா?

ஆகவே, படத்திலிருந்து எடுத்த வடிவம் என்று யாராவது காட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள்: விளக்கை மாற்றி அளந்ததா, அல்லது ஒரே படத்தை வைத்து ஊகித்ததா? இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.